கணினிக் கூடத் திருப்பணி முடிந்தது: உறுப்பினர்களுக்குக் கணக்கு

வணக்கம். கும்பம் வைக்கவில்லை, வாழைமரம் கட்டவில்லை, ஆனாலும் சுங்கை சிப்புட் பக்கம் நம் தோட்டப் பள்ளியின் கணினிக் கூட வேலை போன சனிக்கிழமையோடு முடிந்தது. 16 கணினிகளில் 14 ஓடுகின்றன, மீதி இரண்டையும் கழற்றித்தான் மற்றவற்றுக்கு உறுப்பு கொடுத்தோம்.

வசூல் 2,600 ரிங்கிட். எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) 14க்கு 1,120, ஒயரிங் வேலைக்கு 780, மவுஸ், விசைப்பலகைக்கு 210. மென்பொருளுக்கு ஒரு காசுகூட இல்லை. கையிருப்பு 490.

ஏன் விண்டோஸ் போடவில்லை என்று கூட்டத்திலேயே இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். நியாயமான கேள்விதான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு நின்றுவிட்டது, விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு நம் பழைய பெட்டிகளில் இல்லை, புதுசு வாங்கப் பணம் எங்கே? அதனால் விண்டோஸுக்குப் பதில் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட், வேர்டு மாதிரி வேலைகளுக்கு லிப்ரே ஆபிஸ், சின்னப் பிள்ளைகள் படம் வரைய டக்ஸ் பெயின்ட், விளையாடிப் படிக்க ஜிகாம்ப்ரி. இரண்டு நிமிடம் உறுமிவிட்டு எழுந்த பெட்டிகள் இப்போது மாணவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் தயார்.

அரசாங்கம் ஒத்துக்கொள்ளுமா என்று பயந்தவர்களுக்கு: அரசு நிர்வாகத்தை நவீனமாக்கும் பிரிவான மம்பு 2004லேயே பொதுத்துறைக்கான திறமூல மென்பொருள் (மூலநிரலை யாரும் பார்த்து மாற்றிப் பயன்படுத்தக்கூடிய மென்பொருள்) திட்டத்தைத் தொடங்கிவிட்டது. அது நம் செம்மண் சாலைக்கு வந்து சேர இருபது வருடம் ஆனதில் நம் பங்கும் உண்டு, நாம்தான் வாய் திறந்து கேட்கவே இல்லையே. கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமா உலாவியில் திறப்பது, அடியில் லினக்ஸ் இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். கேரளத்து அரசுப் பள்ளிகள் பல வருடமாகவே கட்டற்ற மென்பொருளில் பாடம் நடத்துகின்றன.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. ஆசிரியர்களின் பழைய சோதனைத் தாள்கள் யூனிகோடுக்கு (இப்போது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) முந்தைய எழுத்துருவில் இருந்தன, திறந்தால் தமிழுக்குப் பதில் குப்பை எழுத்து. அதைக் குழு முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. இரண்டு ஆசிரியைகள் பசியாறும் நேரத்தில்கூட உட்கார்ந்து தமிழ்99 விசைப்பலகை முறையில் மறுபடியும் தட்டிக்கொண்டிருக்கிறார்கள், பாதி முடிந்திருக்கிறது. வேர்டு கோப்புகளில் அட்டவணைகள் கொஞ்சம் நகர்வதும் உண்மை. அச்சுக்குப் போகுமுன் பிடிஎஃப் ஆக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையிருப்பு 490ஐ ஹெட்போனுக்குச் செலவிடலாமா என்று அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள். ரசீதுகள் செயலாளரிடம், கூடத்துச் சாவி பள்ளி அலுவலகத்தில். அப்புறம், தட்டச்சு தெரிந்த யாராவது சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் வந்தால் அந்த மீதித் தாள்களும் முடியும்.