நோய் தெரிந்தும் துப்பாக்கி அவரிடமே

ஆசிரியருக்கு, அமெரிக்கத் துப்பாக்கிச்சூடுகளுக்கு மனநோயே மூலகாரணம் என்ற தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். 2023 அக்டோபரில் மெய்ன் மாநிலத்தின் லூயிஸ்டனில் 18 பேரைச் சுட்டுக் கொன்றவரின் மனநிலை மோசமாகி வருவதைக் குடும்பத்தினர் சில மாதங்களுக்கு முன்பே காவல் துறையிடம் சொல்லியிருந்தனர். அவர் மனநல மருத்துவமனையிலும் இருந்துவிட்டு வந்தவர். ஆனால் துப்பாக்கிகள் அவரிடமே இருந்தன!

நான் மனநலப் பிரிவில் செவிலியராக இருந்தபோது, வீடு திரும்பும் நோயாளியின் உறவினரிடம் மாத்திரைச் சீட்டைக் கொடுக்கும்போதே, “பரணில் இருக்கிற பூச்சிமருந்து டப்பாவை முதலில் அப்புறப்படுத்துங்கள்” என்று சொல்லித்தான் அனுப்புவோம். அதுபோலவே, ஆபத்தான நிலையில் இருப்பவரின் துப்பாக்கியைப் பறிக்கக் குடும்பத்தினரே நீதிமன்றத்தில் கோர வழிசெய்யும் சட்டத்தை மெய்ன் வாக்காளர்கள் 2025இல் ஏற்றுக்கொண்டார்கள். சுட்டவரின் மனநோயை எழுதும் நாளிதழ்கள், துப்பாக்கி அவர் கைக்கு எப்படி வந்தது என்பதையும் அதே செய்தியில் எழுதலாமே.

– ஓய்வுபெற்ற செவிலியர், தேனி