கொடியேற்றி முடிந்ததும் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்

திருநெல்வேலி மாவட்டத்துத் தலைமையாசிரியர்களுக்கும் சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

அனுப்புநர், பெறுநர், பொருள் என்று போட்டு எழுதியே பழகிய கை இது. இந்தக் கடிதத்தின் பொருள்: கொடியேற்றும் நாளில் பிள்ளைகளைக் கிராம சபைக்குக் கூட்டிப்போவது. கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே உட்கார்ந்து மனு எழுதித் தருகிறேன். திங்கட்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாள் என்றால் காலை எட்டு மணிக்கே ஆட்கள் வந்துவிடுவார்கள். பட்டா, முதியோர் உதவித்தொகை, பாதைத் தகராறு. வயதானவர்கள் எழுதத் தெரியாமல் வருகிறார்கள், அது சரி. என்னை உறுத்துவது படித்த பிள்ளைகள்.

போன மாதம் சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். இன்ஜினீயரிங் முடித்தவர். அவர் தெருவில் விளக்கு எரிந்து ஆறு மாதம் ஆகிறதாம். இருட்டில் வாறுகாலில் கால் வைத்து அவருடைய அம்மா விழுந்து, கையில் மாவுக்கட்டு. "அண்ணாச்சி, நேரா சி.எம். தனிப்பிரிவுக்கே போட்டுருவோமா?" என்றார். ஊராட்சியில் சொன்னீர்களா என்று கேட்டேன். முழித்தார். தலைவர் யார் என்றே அவருக்குத் தெரியவில்லை. கம்பம் மின்வாரியத்துடையது, பல்பு மாட்ட வேண்டியது ஊராட்சி என்று சொல்லி, அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். எழுதிக்கொண்டே சும்மா ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தேன்: "73ஆவது சட்டத்திருத்தம் எந்த வருஷம், தம்பி?" பட்டென்று வந்தது பதில்: "1992." ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் கொடுத்த திருத்தம் அதுதான்.

நீங்கள் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள். படித்தது வீட்டு வாசலில் இருக்கிற கம்பம் வரைக்கும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். தெருவிளக்கு பழுது என்று அலுவலருக்குக் கடிதம் எழுதிப் பார்க்காமல் பத்தாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளை நம் ஊரில் இருக்கிறதா? ஆனால் அந்தக் கடிதம் தபாலில் போவதில்லை. சிவப்பு மையில் ஐந்துக்கு நாலு மார்க் விழுந்ததும் அதன் ஆயுள் முடிந்துவிடுகிறது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஜனவரி 26, ஆகஸ்ட் 15 இரண்டு நாளும் பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்கள். கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, பத்து மணிக்குள் அனுப்பிவிடுகிறோம். அதே நாளில், பெரும்பாலும் அடுத்த தெருவில், கிராம சபை கூடுகிறது. மார்ச் 22, மே 1, அக்டோபர் 2, நவம்பர் 1 கூட கிராம சபை நாட்கள்தான். ஆனால் அவற்றில் சில, பள்ளி விடுமுறையில் போய்விடும். அதனால் இந்த இரண்டு நாள் போதும். ஒன்பதாம் வகுப்பையாவது அப்படியே வரிசையாகக் கூட்டிப்போய் உட்கார வையுங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்கள்தான் சபையின் உறுப்பினர்கள், பிள்ளைகளுக்கு அங்கே கை தூக்கும் உரிமை இல்லை. உட்கார்ந்து கேட்க முன்கூட்டியே தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

அங்கே நடப்பதைப் பாடப்புத்தகம் சொல்லாது. தீர்மானம் வாசிக்கும் முன்பே நோட்டில் கையெழுத்து வாங்குவதைப் பார்ப்பார்கள். கையெழுத்துப் போட்ட கையோடு டீயைக் குடித்துவிட்டு நழுவும் பெரியவர்களையும் பார்ப்பார்கள், அதில் அவர்களுடைய அப்பாவும் இருக்கலாம். 501 முதல் 3,000 வரை மக்கள் உள்ள ஊராட்சி என்றால் 100 பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும். அந்த நூறு பேர் உண்மையிலேயே இருக்கிறார்களா என்று ஒரு பிள்ளை விரல் விட்டு எண்ணட்டும். குடிமையியலில் அதைவிட நல்ல வீட்டுப்பாடம் எனக்குத் தோன்றவில்லை.

வெறுங்கையோடு போகவும் வேண்டாம். முந்தின வாரம் ஒரு நாள் சாயங்காலம், நாலு நாலு பேராகத் தெருத் தெருவாக நடந்து எரியாத விளக்கையும் தண்ணீர் வராத குழாயையும் கம்ப எண்ணோடு, தெருப் பெயரோடு குறித்து வரட்டும். அந்தத் தாளைத் தலைவரிடம் கொடுத்து, நோட்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றினால் சந்தோஷம். ஏற்றாவிட்டால், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, அந்தத் தாள் என்ன ஆயிற்று என்று 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளட்டும். மாநகராட்சிப் பள்ளிகளுக்கு, கிராம சபை மாதிரியே வார்டுக்குள் கூடுகிற பகுதி சபை இருக்கிறது, அங்கே கூட்டிப்போகலாம்.

கர்நாடகத்தில் ஊராட்சிகளே பிள்ளைகளுக்காகத் தனியாக ஒரு சபை கூட்டுகின்றன. பெயர், 'மக்கள கிராம சபா'. கன்னடத்தில் மக்களு என்றால் குழந்தைகள். நம் வள்ளுவருக்கும் மக்கள் என்றால் முதலில் பிள்ளைகள்தானே, 'தம்மின்தம் மக்கள் அறிவுடைமை' என்றுதானே சொன்னார். நாம்தான் அந்தச் சொல்லை ஓட்டுப் போடுகிறவர்களுக்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டோம்.

அரசியல் வம்பு வரும் என்று பயப்படுவீர்கள். தலைவருக்குக் கோபம் வரலாம், மறுக்கவில்லை. 'எங்கள் தெருவில் ஏழு விளக்கு எரியவில்லை' என்று எழுதிய தாளை ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண் நீட்டினால் எந்தத் தலைவரும் திட்டிப் பேசிவிட மாட்டார் என்பது என் கணக்கு. ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்.

இதெல்லாம் நடந்தால் எனக்கு வரும்படி குறையும், தெரியும். பரவாயில்லை, பட்டாத் தகராறு இருக்கும்வரை என் பிழைப்பு ஓடும். மனு எழுதப் பழக்க எந்தப் பள்ளியில் கூப்பிட்டாலும் பேனாவோடு வருகிறேன், காசு வேண்டாம். திங்கட்கிழமை மட்டும் கூப்பிடாதீர்கள்.

இப்படிக்கு,
கொக்கிரகுளத்தில் மனு எழுதுகிறவன்