அரையாண்டு விடுமுறையும் மார்கழிக் கடலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகள் மூடப்படும் டிசம்பர் கடைசி வாரத்தில், காவிரிப் படுகை ஊர்களிலிருந்து வேன் பிடித்துக்கொண்டு கடற்கரைக்குப் புறப்படும் குடும்பங்கள் ஏராளம். வேளாங்கண்ணி, பூம்புகார், தரங்கம்பாடி என்று ஆளுக்கொரு கரை. கும்பகோணத்தில் வசிக்கும் நானும், புவியியல் ஆசிரியையாக இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியும், அந்த வாரத்துக் கடலைப் பற்றி ஒன்றும் அறியாமலேயே என் வீட்டுப் பிள்ளைகளை அதில் இறக்கியவள். அதைப் பற்றியும், இந்த ஆண்டு விடுமுறை தொடங்குவதற்குள் செய்யக்கூடிய ஒரு காரியத்தைப் பற்றியும் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் மூன்று குடும்பத்தார் தரங்கம்பாடிக்குச் சென்றிருந்தோம். எங்கள் வீட்டார், என் அண்ணன் வீட்டார், என் கணவரின் பால்ய நண்பர் குடும்பம் என்று பெரியவரும் சிறியவருமாகப் பதின்மூன்று பேர். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, இருபுறமும் சம்பாப் பயிர் தண்ணீரில் நிற்பதைப் பார்த்தபடியே மயிலாடுதுறை வழியாகப் போய்ச் சேர்ந்த அந்தப் பயணத்தைப் பிள்ளைகள் இன்றும் பேசுகிறார்கள். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இசைவு பெற்று டேனியர்கள் கட்டிய கோட்டையின் மதிலில் உட்கார்ந்து கடலைப் பார்த்தார்கள். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டதை அண்ணி அவர்களுக்குக் காட்டினார். இத்தனை நூற்றாண்டுகளில் கல்லையே தின்ற கடல் இது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் மறுநாள் அதில் இறங்கினோம் என்பதை இப்போது நினைத்தால் மனம் பதறுகிறது.

நாங்கள் போய்ச் சேர்ந்த நாள் டிசம்பர் 26. 2004ஆம் ஆண்டு அதே தேதியில் ஆழிப்பேரலை அடித்துச் சென்றவர்களுக்காகக் கரையோர ஊர்களில் அன்று மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை. பெண்கள் பூவும் பாலும் எடுத்துக்கொண்டு வந்து கடலில் விட்டுவிட்டு, வெகு நேரம் பேசாமல் நின்றார்கள். விடுமுறைக்கு வந்த எங்களுக்கு அந்தக் கரையில் பந்தை உருட்டி விளையாடக் கூச்சமாக இருந்தது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு விடுதிக்குத் திரும்பிவிட்டோம்.

மறுநாள் காலை ஒன்பது மணி இருக்கும். வானம் மூட்டமாக இருந்தது, வாடைக்காற்று வீசிக்கொண்டிருந்தது. கடல் சற்றுக் கொந்தளிப்பாகத்தான் தெரிந்தது. ஆனால், கரையரிப்பைத் தடுக்கக் கருங்கற்கள் கொட்டியிருந்த இடத்தை ஒட்டி மட்டும் அலை அதிகம் உடையாமல் அமைதியாக இருந்தது. பிள்ளைகளுக்கு அதுதான் பத்திரமான இடம் என்று பெரியவர்கள் நாங்களே தேர்ந்தெடுத்தோம். பதின்மூன்று வயதான என் அண்ணன் மகன் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். திரும்பிப் போன ஓர் அலை அவன் காலடி மணலை அரித்துக்கொண்டு போக, தடுமாறி உட்கார்ந்தான். எழுந்திருப்பான் என்று நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த நேரத்திற்குள் அவன் தலை இருபது முப்பது அடிக்கு அப்பால் தெரிந்தது. என் கணவர் பாய்ந்து ஓடினார். மணலில் உட்கார்ந்து வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து அவர் தோளை இறுகப் பிடித்து நிறுத்திவிட்டு, “தம்பி, நீந்தாத! மல்லாந்து கெட! கையத் தூக்கு!” என்று கடலை நோக்கிக் குரல் கொடுத்தார். அவர் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்த இரண்டு இளைஞர்கள், மிதவை கோத்த கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு, அவன் போன வழியே போகாமல் பக்கவாட்டில் அலை உடையும் இடமாக இறங்கி, அவனைக் கயிற்றைப் பிடிக்கச் செய்து கரை சேர்த்தார்கள். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அண்ணி அந்த இடத்திலேயே மணலில் சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

பையனுக்குச் சூடாகத் தேநீர் வாங்கிக் கொடுத்து, நடுக்கம் நின்ற பிறகு அந்தப் பெரியவர் பிள்ளைகள் அனைவரையும் அழைத்தார். கிழிந்த வலையிலிருந்து அறுத்தெடுத்த ஒரு மிதவையைக் கற்களை ஒட்டிய அந்த அமைதியான தண்ணீரில் வீசினார். கரைக்குத் திரும்பி வரும் என்றுதான் பிள்ளைகள் எதிர்பார்த்தார்கள். அது கற்களின் ஓரமாகவே நேராகக் கடலுக்குள் ஓடி, அலைகள் உடையும் இடத்தைத் தாண்டி, ஒரு வெள்ளைப் புள்ளியாகச் சிறுத்து நின்றது. இன்னொரு மிதவையை, நாங்கள் பயந்து ஒதுக்கிய இடத்தில், வெண்ணுரையுடன் அலை புரளும் தண்ணீரில் போட்டார். அது உருண்டு புரண்டு எங்கள் காலடிக்கே வந்தது. “அல ஒடையாத எடத்துல எறங்காதீங்க. வந்த தண்ணி அங்கதான் வெளிய போவுது” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “வாடக் காத்துல கடலு கலங்கிக் கெடக்கும்மா. மாசி, பங்குனியில வந்து பாருங்க, இதே கடலு கொளம் மாதிரி இருக்கும்” என்றார். நான் வகுப்பறையில் இத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்து விளக்கியதை அவர் இரண்டு மிதவைகளில் விளக்கிவிட்டார்.

அவர் சொன்னதன் காரணத்தைச் சற்று விரிவாக எழுதுகிறேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வங்கக் கடலில் அடுத்தடுத்துத் தாழ்வு நிலைகள் உருவாகின்றன, காற்று கடலிலிருந்து நம் கரையை நோக்கி வீசுகிறது, அலைகள் உயர்கின்றன. அவை கரையிலுள்ள மணலை அரித்துச் செல்வதால், கோடையில் அகலமாகவும் சரிவின்றியும் இருக்கும் கடற்கரை இந்த மாதங்களில் குறுகி, செங்குத்தாகிவிடுகிறது. இரண்டு எட்டு வைத்தால் முழங்கால், அடுத்த இரண்டு எட்டில் இடுப்பு. அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் தண்ணீர் எப்படியாவது திரும்பிப் போயாக வேண்டும்; மணல் திட்டுகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தின் வழியாகவோ, கற்சுவர்களின் ஓரமாகவோ அது குறுகலான ஓர் ஓட்டமாகக் கடலுக்குள் பாய்கிறது. பள்ளம் ஆழமாக இருப்பதால் அங்கே அலை உடைவதில்லை. அதனால்தான் அந்த இடம் பார்ப்பதற்கு அமைதியாக இருக்கிறது. இந்த ஓட்டம் நொடிக்கு இரண்டு மீட்டருக்கும் கூடுதலான வேகத்தை எட்டக்கூடும். அந்த வேகத்தை எதிர்த்து நீந்தத் தேர்ந்த நீச்சல்காரராலும் முடியாது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் காவிரியிலும் அரசலாற்றிலும் நீந்தப் பழகியவர்கள். ‘நீச்சல் தெரியுமே’ என்ற துணிச்சலே கடலில் அவர்களுக்கு எதிரியாகிறது. கரை கண்ணுக்கு எதிரே தெரிவதால், அதை நோக்கியே கையை வீசி, ஓட்டத்தோடு மல்லுக்கட்டிச் சோர்ந்து போகிறார்கள். ஆனால் ஆற்றில் ஓட்டத்தை எதிர்த்து நீந்தக் கூடாது, குறுக்காகத்தான் வெட்டிப் போக வேண்டும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கடலிலும் அதே விதிதான். அங்கே ஓட்டம் கரையிலிருந்து உள்நோக்கிப் போவதால், குறுக்காக வெட்டுவது என்றால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துவது என்று பொருள். ஓட்டத்தை விட்டு விலகிய பிறகு அலைகளே கரைக்குத் தள்ளிவிடும். நீந்த முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து கையை உயர்த்த வேண்டும். இந்த நான்கு வரிகளை எங்கள் பள்ளியில் டிசம்பர் மாதத்துக் காலை வழிபாட்டுக் கூட்டங்களில் இப்போது சொல்லி வருகிறோம்; ஆற்றை உவமையாக்கிச் சொன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் உடனே புரிகிறது.

உறவும் நட்புமாகக் கூட்டமாகப் போவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. பதின்மூன்று பேரில் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுகிறோம். அன்று அண்ணன் பையனை நான் பார்ப்பதாக அண்ணியும், அண்ணன் பார்ப்பதாக நானும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒருவர் இழுபட்டால், அவரை மீட்கப் பாசத்தினால் அடுத்தவர் குதிக்கிறார், அவரைத் தொடர்ந்து இன்னொருவர். ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று உயிர்கள் போகும் செய்திகளின் பின்னணி பெரும்பாலும் இதுதான். எங்களைப் போல் சேலையோடு கால் நனைக்க இறங்கும் பெண்களுக்கு, நனைந்த துணி காலைச் சுற்றிக்கொள்ளும் இடரும் உண்டு. என் கணவரின் தோளைப் பிடித்து நிறுத்திய அந்தக் கை எங்கள் வீட்டில் எத்தனை பேரைக் காப்பாற்றியது என்று எண்ணிப் பார்க்கிறேன்.

‘இங்கே குளிப்பது ஆபத்தானது’ என்று எழுதிய பலகைகளைப் பல கரைகளில் பார்த்திருக்கிறேன். மாசி மாதத்துக் குளம் போன்ற கடலுக்கும், மார்கழி மாதத்துக் கலங்கிய கடலுக்கும் அந்தப் பலகை ஒரே செய்தியைத்தான் சொல்கிறது. ஆண்டு முழுவதும் ஒரே வாசகத்தைக் காட்டி நிற்கும் பலகையை மக்கள் படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், அன்றன்றைக்கு மாறும் தகவல் இல்லாமலும் இல்லை. ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் கடலோரப் பகுதிகளுக்கான அலை உயரத்தைத் தினமும் முன்கூட்டியே கணித்து வெளியிடுகிறது. ஆனால் அது சுற்றுலாப் பயணியின் காதுக்கு வந்து சேர்வதில்லை. 2024 மே மாதம் குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தபோதும், கடல் சீற்றம் குறித்த எச்சரிக்கை முன்பே வெளியாகித்தான் இருந்தது. ‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்று வானிலைச் செய்தியில் வாசிக்கும்போது, அது நமக்கில்லை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். மீனவரே இறங்கத் தயங்கும் கடலில் நாம் குழந்தைகளை இறக்குகிறோம்.

ஆகவே நான் வேண்டுவது இதுதான். டிசம்பர் 24 முதல் புத்தாண்டு நாள் வரை, குடும்பங்கள் கூடும் ஒவ்வொரு கடற்கரையிலும் அந்தந்த ஊர் மீனவர்களில் கடலறிந்த பெரியவர் ஒருவரையும் நீச்சலில் தேர்ந்த இளைஞர் சிலரையும், நாள் ஊதியம் கொடுத்துக் கரைக்காவலாக மாவட்ட நிர்வாகம் அமர்த்த வேண்டும். காலையில் அவர்களே கடலைப் பார்த்து, இறங்கத் தகுந்த இடத்தில் சிவப்பும் மஞ்சளுமான கொடிகளை நட்டு எல்லை காட்டலாம். இறங்கவே கூடாத நாளில் சிவப்புக் கொடியை ஏற்றலாம். உலகெங்கும் கடற்கரைகளில் வழக்கத்திலுள்ள முறை இது. கோவாவில் 2008 முதல் பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர்கள் கரைகளில் நிற்கிறார்கள். நம் மாநிலத்திலேயே செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளம் கடற்கரை, தூய்மையும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குப் பன்னாட்டளவில் வழங்கப்படும் நீலக்கொடிச் சான்றை 2021இல் பெற்றது. அந்தச் சான்றுக்குரிய நிபந்தனைகளில் உயிர்காப்பு ஏற்பாடும் ஒன்று. எல்லாக் கரையையும் கோவளமாக்கப் பல ஆண்டுகள் ஆகலாம். ஒன்பது நாள் காவலுக்கு அவ்வளவு காலம் தேவையில்லை.

இதற்கு மீனவர்களை விடத் தகுந்தவர் யார்? 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்திலும், 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்திலும் படகுகளோடு வந்து மக்களை மீட்டவர்கள் அவர்கள். கடல் கொந்தளிப்பால் தொழிலுக்குப் போக முடியாத நாட்கள் மிகுந்த காலத்தில் இந்த ஊதியம் அவர்களுக்கும் ஓர் ஆதரவாக இருக்கும். எங்கள் பையனை மீட்ட இளைஞர்களிடம் என் அண்ணன் பணம் கொடுத்தபோது அவர்கள் வாங்க மறுத்துவிட்டார்கள். அது அவர்களின் பெருந்தன்மை. அதையே நம்பி ஒவ்வோர் ஆண்டும் நம் பிள்ளைகளைக் கடலில் விட்டுக்கொண்டிருப்பது நியாயமாகாது. முதல் நாள் தம் வீட்டுப் பிள்ளைகளுக்காகக் கடலில் பால் ஊற்றிய ஊர்தான், மறுநாள் எங்கள் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தது.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. அந்த ஒன்பது நாட்களிலும் தங்கள் நாளிதழின் முதல் பக்கத்தில், ஊர் வாரியாகக் கோயில் விசேஷங்களை வெளியிடும் அளவுக்கே ஒரு சிறிய கட்டத்தில், அன்றைய கடல் நிலையை வெளியிட வேண்டுகிறேன். வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, பூம்புகார் ஆகிய கரைகளில் அன்று எதிர்பார்க்கப்படும் அலை உயரம் எவ்வளவு, இறங்கலாமா, கரையிலிருந்து பார்ப்பதோடு நிறுத்த வேண்டுமா என்று மூன்று வரிகள் போதும். வேன் புறப்படும் முன் தேநீர்க் கடையில் நாளிதழைப் புரட்டும் ஒரு தகப்பனார் கண்ணில் அது படும். இந்த ஆண்டும் நாங்கள் பதின்மூன்று பேரும் தரங்கம்பாடிக்குப் போகிறோம். அண்ணன் மகனும் வருகிறான். அந்தக் கட்டம் டிசம்பர் 24ஆம் தேதி இதழிலேயே தொடங்கினால் எங்களுக்கும் உதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டநாள் வாசகி,
கும்பகோணம்.