திங்கட்கிழமை இரவு ஏழு மணி

விச்சிட்டா, கான்சாஸ்
ஆகஸ்ட் மாதம், ஞாயிறு மாலை

அன்புள்ள சீனு,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாய், தடி இல்லாமல் வாசல் வரை நடக்கிறாய் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. பிசியோதெரபிக்கு வருகிற பையன் ரொம்பப் படுத்துகிறான் என்று எழுதியிருக்கிறாய். படுத்தட்டும். அவன் சொல்வதைக் கேள். காலை மடக்கு என்றால் மடக்கு.

இங்கே நாங்கள் சௌக்கியம். வெயில் நூறு டிகிரியைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. வெண்டைச் செடிக்கு அது பிடித்திருக்கிறது, தினமும் ஒரு கை பறிக்கிறோம். தக்காளிதான் கருகிவிட்டது. மகள் போன மாதம் வந்து பத்து நாள் இருந்தாள். அவள் கொண்டுவந்த ஒரு பெட்டியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

'கன்ஸ்மோக்', நாம் பார்த்த அந்தப் பழைய கௌபாய் காலத்து டிவி தொடர், முழுத் தொகுப்பு. 20 சீசன், 635 கதை, 143 டிவிடி. தூக்கிப் பார்த்தால் ஒரு சின்ன அரிசி மூட்டை கனம்!

உனக்கு நம் மேன்ஹாட்டன் வீடு ஞாபகம் இருக்கும், நியூயார்க் இல்லை, இந்தக் கான்சாஸ் மேன்ஹாட்டன். கான்சாஸ் ஸ்டேட் யுனிவர்சிட்டியில் சேர்ந்த வருஷம், 1972. கீழே பேஸ்மென்ட்டில் நாம் இருவரும், மேலே வீட்டுக்காரப் பாட்டி. திங்கட்கிழமை இரவு ஏழு ஆனால் கைத்தடியால் தரையை மூன்று தட்டுத் தட்டுவார். தட்டியதும் புத்தகத்தை மூடிவிட்டு மாடிக்கு ஓடுவோம். ஒரு பெரிய கிண்ணத்தில் பாப்கார்ன் வைத்திருப்பார், டிவியில் டாட்ஜ் சிட்டி ஊரின் காவல் அதிகாரி, மார்ஷல் மேட் டில்லன் வருவார். அந்த நீளமான மனிதரைப் பார்த்து நாம் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தோம். ஆறடி ஏழங்குலம், நிலைப்படியில் குனியாமல் நுழையவே மாட்டார். பாட்டி மட்டும் ஒவ்வொரு வாரமும் அதே குறையைச் சொல்வார்: இது நல்லாத்தான் இருக்கு, ஆனா பழைய அரை மணி நேரக் கதைகள்தான் உண்மையான கன்ஸ்மோக், அதற்கும் முன்னால் ரேடியோவில் வந்தது அதைவிட உண்மை. வயதானவர்கள் எல்லாரும் பழசைத்தானே புகழ்வார்கள் என்று நாம் தலையாட்டிவிட்டுக் கலரில் பார்த்தோம்.

சீனு, பாட்டி சொன்னது சரி. ஐம்பது வருஷம் கழித்து எனக்குத் தெரிகிறது. அவரிடம் சொல்ல முடியாது, அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

முதல் ஆறு சீசன், 1955 முதல் 1961 வரை, 233 கதைகள். எல்லாம் அரை மணி நேரம், எல்லாம் கறுப்பு வெள்ளை. நாம் அதில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. நாம் பார்த்ததெல்லாம் 1966-க்குப் பிறகு வந்த ஒரு மணி நேரக் கலர்க் கதைகள்தான். இப்போது வரிசையாக முதலிலிருந்து தொடங்கினேன். இரவு சாப்பாடு முடிந்ததும் இரண்டு கதை, சில நாள் மூன்று.

முதல் கதையில் என்ன நடக்கிறது தெரியுமா? ஜான் வெய்ன் வந்து நின்று, இது புதிய மாதிரி வெஸ்டர்ன், இந்த இளைஞர் பெரிய ஆளாக வருவார் என்று அறிமுகம் செய்கிறார். அவர் நகர்ந்ததும் கதை தொடங்குகிறது. டான் கிராட் என்று ஒரு கொலைகாரன் ஊருக்கு வருகிறான். மேட் அவனைக் கைது செய்யப் போகிறார். துப்பாக்கி எடுப்பதில் அவன் வேகம். மேட் சுடப்பட்டுத் தெருவில் விழுகிறார். தொடரின் முதல் நாளே கதாநாயகன் தோற்றுவிடுகிறான்! அப்புறம் டாக்டர் பிழைக்கவைக்கிறார். படுக்கையில் கிடந்து யோசித்து, அவன் எப்போதும் கிட்டே நெருங்கி வந்த பிறகுதான் சுடுகிறான், தூரத்திலிருந்து அவனுக்குக் குறி வராது என்று மேட் கண்டுபிடிக்கிறார். அடுத்த முறை அவனை நெருங்க விடுவதில்லை. வேகம் ஜெயிக்கவில்லை, பொறுமைதான் ஜெயித்தது. பழைய டைட்டில் காட்சியில் தெருவில் ஒருவனோடு மேட் மோதுவார் இல்லையா, அதையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எதிராளிதான் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் முன்னால் சுடுகிறான். ஆனால் அவன் குறி தப்புகிறது.

இந்த மாதிரிக் கதைகளை எழுதியவர் ஜான் மெஸ்டன். அவரும் நார்மன் மக்டானலும் சேர்ந்து 1952-ல் ரேடியோவுக்காக உண்டாக்கிய தொடர் இது. பாட்டி சொன்ன ரேடியோ இதுதான். அதில் மேட்டுக்குக் குரல் கொடுத்தவர் வில்லியம் கான்ராட். கேட்பதற்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரிக் குரல். ஆனால் ஆள் குட்டை, பருமன், அதனால் டிவிக்கு அவரை எடுக்கவில்லை. கதைகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஆரம்ப வருஷங்களில் ரேடியோவில் வந்த கதைகளையே பெரும்பாலும் டிவிக்கு மாற்றி எழுதினார்கள். குரலை மட்டும் நம்பி எழுதியதால் அந்த வசனங்களில் வளவளப்பு இல்லை. இருபத்தைந்து நிமிஷத்துக்குள் ஒரு மனிதன் ஊருக்கு வந்து, கெட்டு, செத்து, புதைக்கப்பட்டும் விடுகிறான். தொடக்கத்தில் மேட் பூட் ஹில் இடுகாட்டு மேட்டில் சிலுவைகளுக்கு நடுவே நடந்தபடி பேசுவார். நாம் பார்த்த கலர் நாட்களில் அது இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு ஒன்று புரிந்தது. மெஸ்டன் எழுதிய மேட் ஊரைக் காப்பாற்றுகிறவர் இல்லை, பல கதைகளில் தாமதமாகத்தான் வந்து சேர்கிறார். மிச்சம் இருப்பதைச் சுமப்பதுதான் அவர் வேலை.

'தி கேபின்' என்று ஒரு கதை, 1958-ல் வந்தது. பனிப்புயலில் மாட்டிக்கொண்ட மேட் ஒரு குடிசையில் ஒதுங்குகிறார். உள்ளே இரண்டு கொள்ளைக்காரர்கள், அவர்கள் பிடித்து வைத்திருக்கிற ஒரு பெண். அவளுக்கு என்ன நடந்திருக்கிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவள் முகமே சொல்லிவிடுகிறது. மேட் அவர்களை முடித்துவிடுகிறார். வேறு எந்தக் கதையாக இருந்தாலும் அவள் நன்றி சொல்லி அழுதிருப்பாள். இவள் அழவில்லை. உலகத்தில் நல்ல ஆண்களும் இருக்கிறார்கள், மனம் கசந்துவிடாதே என்று மேட் சொல்கிறார். அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள் என்கிற மாதிரி ஒரு பதில் சொல்லிவிட்டு அவள் தன் வழியைப் பார்க்கிறாள். அவ்வளவுதான் கதை. நான் டிவியை அணைத்துவிட்டு வெகுநேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். 1958-ல் சனிக்கிழமை இரவு இதைப் போட்டிருக்கிறார்கள். அந்த வருஷங்களில் அமெரிக்காவிலேயே அதிகம் பேர் பார்த்த தொடரும் இதுதான்.

உன் முழங்கால் விஷயத்துக்கு வருகிறேன், உனக்குப் பிடிக்கும். ஆரம்ப வருஷங்களில் மேட்டுக்கு உதவியாக செஸ்டர் என்று ஒருவர் வருவார், நாம் பார்த்திராதவர். ஒரு காலை மடக்கவே முடியாது, விறைத்துக்கொண்டு நடப்பார். "மிஸ்டர் டில்லன்" என்று இழுத்துக் கூப்பிட்டுக்கொண்டே ஓடுவார். நடித்தவர் டென்னிஸ் வீவர். நிஜத்தில் அவர் 1948 ஒலிம்பிக் தேர்வில் டெக்கத்லான் போட்டியில் கலந்துகொண்ட தடகள வீரர்! காலில் ஒரு குறையும் கிடையாது. குறை இருந்தது மேட்டாக நடித்த ஜேம்ஸ் ஆர்னெஸுக்கு. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் அன்சியோ கடற்கரையில் இறங்கியபோது, எல்லாரையும்விட உயரம் என்பதால் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று பார்க்க அவரைத்தான் படகிலிருந்து முதலில் குதிக்கச் சொன்னார்களாம். கொஞ்ச நாளில் வலது காலில் குண்டடி. ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தார், அந்த வலி ஆயுள் முழுக்கப் போகவில்லை. நல்ல கால் உள்ளவர் நொண்டியாக நடிக்கிறார், அடிபட்ட கால் உள்ளவர் 20 வருஷம் குதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு மேட் குதிரையிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு தடவையும் நான் அவர் காலைத்தான் பார்க்கிறேன்.

செஸ்டருக்காகவே இன்னொரு கதையைச் சொல்ல வேண்டும். டெக்சாஸ் மாட்டுக்காரர்கள் இரண்டு பேர் அவரைக் குதிரையில் கட்டித் தரையோடு இழுத்துப்போய்ச் சாகக் கிடக்கும்படி போட்டுவிடுகிறார்கள். எப்போதும் நிதானமாக இருக்கிற மேட்டின் முகம் அன்றைக்கு மாறுவதைப் பார்க்க வேண்டும். அந்த நட்பைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

எல்லாமே பொன் என்று நான் சொல்ல வரவில்லை. செவ்விந்தியர் வருகிற கதைகள் இன்று பார்க்க உறுத்துகின்றன. வெள்ளைக்கார நடிகர்கள் சாயம் பூசிக்கொண்டு உடைந்த ஆங்கிலம் பேசுகிறார்கள். உண்மையான கௌபாய்களில் நாலில் ஒருவர் கறுப்பர் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். அந்த டாட்ஜ் சிட்டித் தெருவில் அவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்புறம் அந்த மலைகள்! ஊருக்கு வெளியே குதிரை ஓடினால் பின்னால் பெரிய பெரிய மலை. பெரும்பாலும் கலிஃபோர்னியாவில் எடுத்தது. 1974-ல் நாம் அந்தப் பழைய காரில் நாலு மணி நேரம் ஓட்டிக்கொண்டு டாட்ஜ் சிட்டிக்குப் போனோமே, ஒரு மேடு கண்ணில் பட்டதா? காற்றும் வானமும்தான். மாட்டு அடைப்புகளின் வாசனை காரின் கண்ணாடியை ஏற்றின பிறகும் உள்ளே வந்தது. பூட் ஹில்லும், பழைய ஃப்ரண்ட் ஸ்ட்ரீட் மாதிரி கட்டி வைத்திருந்த கடைகளும் பார்த்தோம். தொடரில் வருகிற லாங் பிராஞ்ச் நிஜமாகவே இருந்த மதுக்கடை என்று அங்கேதான் தெரிந்துகொண்டோம். ('சலூன்' என்று ஊருக்கு எழுதினால் முடிவெட்டுகிற கடை என்று நினைப்பார்கள் என்று நீ அன்றைக்குக் கடிதத்தில் அடித்து எழுதினாய்.)

அந்த ஊரின் நிஜக் கதை ரொம்பச் சின்னது. 1872-ல் ரயில் வந்தது. முதலில் காட்டெருமைத் தோல் மலை மலையாகக் குவிந்து ரயிலேறியது. எருமை தீர்ந்ததும் டெக்சாஸிலிருந்து மாடுகள். அந்த மாடுகளோடு வந்த உண்ணிக் காய்ச்சலுக்குப் பயந்து 1885-ல் கான்சாஸ் சட்டம் போட்டு அவற்றைத் தடுத்ததும் எல்லாம் அடங்கிவிட்டது. மாட்டு வியாபாரம் நடந்தது சுமார் பத்து வருஷம். தொடர் ஓடியது அதைப்போல இரண்டு மடங்கு.

கலர்க் கதைகளை நான் குறைத்துப் பேசுவதாக நினைக்காதே. 1967-ல் அதை நிறுத்துவதாக முடிவே செய்துவிட்டார்கள். தொடரை ஒளிபரப்பிய சிபிஎஸ் நிறுவனத்தின் தலைவர் வில்லியம் பேலி குறுக்கிட்டு, திங்கட்கிழமைக்கு மாற்றிக் காப்பாற்றினார். அவர் அப்படிச் செய்யாவிட்டால் பாட்டியும் தரையைத் தட்டியிருக்க மாட்டார். கலர் நாட்களில் எனக்கு இன்றைக்கும் பிடித்தது மேட் இல்லை, டாக்டரும், செஸ்டருக்குப் பிறகு மேட்டுக்கு உதவியாக வந்த ஃபெஸ்டஸும்தான். டாக்டராக மில்பர்ன் ஸ்டோன் காதைத் தடவிக்கொண்டு சிடுசிடுப்பதும், ஃபெஸ்டஸாக கென் கர்ட்டிஸ் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பதில் கொடுப்பதும்... காப்பிக்கு யார் காசு கொடுப்பது என்று 10 வருஷம் சண்டை போட்டார்கள். 'ஃபெஸ்டஸுக்கு ஏதாவது ஆனால் முதலில் ஓடுகிறவர் டாக்டர்தான் பார்' என்று நீ சொன்னாய். அது சரியாகத்தான் இருந்தது. லாங் பிராஞ்ச் முதலாளி மிஸ் கிட்டியாக அமாண்டா பிளேக் 19 சீசன் இருந்தார். 20-வது சீசனில் அந்த மேஜையில் அவர் நாற்காலி காலி. அதை இப்போது பார்க்கும்போது மனசு என்னவோ செய்கிறது.

கடைசிக் கதை 1975 மார்ச் 31, திங்கட்கிழமை. அது கடைசி என்று எடுத்தவர்களுக்கே தெரியாது. தொடர் நிறுத்தப்பட்டதை நடிகர்கள் பத்திரிகையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்களாம். அதனால் விடைபெறுகிற காட்சி எதுவும் இல்லை. ஏதோ ஒரு வாரத்துக் கதை மாதிரி ஃபெஸ்டஸ் யாரோ ஒரு குத்தகைக் குடும்பத்துக்கு ஏர் ஓட்டிக்கொடுக்கிற கதையோடு முடிந்துவிடுகிறது. நாமும் அன்று கீழே இறங்கிப் போய்ப் பரீட்சைக்குப் படித்தோம். நீ ஜூனில் ஊருக்குக் கிளம்பினாய். அந்தக் கோடை முழுக்க மறுஒளிபரப்பு ஓடியது, பாட்டி வழக்கம் போல் மூன்று தட்டுத் தட்டினார், நான் மட்டும் ஏறிப் போனேன். இரண்டு கிண்ணம் வைத்திருந்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் அக்கா பேரன் செப்டம்பர் 10-ம் தேதி திருச்சிக்கு வருகிறான். முதல் சீசன் மட்டும் தனிப் பெட்டியாக நான் முன்பே ஒன்று வாங்கி வைத்திருந்தேன், 39 கதை. அதை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். அமெரிக்க டிவிடி அங்கே வாங்குகிற பிளேயரில் ஓடாமல் போகலாம், அதனால் என் பழைய பிளேயரையும் சேர்த்து வைக்கிறேன். அது 110 வோல்ட். நேராக ப்ளக்கில் சொருகிவிடாதே, மேலச் சிந்தாமணிப் பக்கம் ஒரு சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கச் சொல் உன் பிள்ளையிடம்.

இங்கே திங்கள் இரவு ஏழு என்றால் இப்போது உனக்குச் செவ்வாய் விடியற்காலை ஐந்தரை. நீ எப்படியும் ஐந்து மணிக்கே எழுந்து காப்பி போட்டுவிடுவாய். காலை நீட்டி வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார். செப்டம்பர் 15-க்குப் பிறகு வருகிற முதல் திங்கட்கிழமை நான் போன் செய்கிறேன். மூன்று தடவை மணி அடித்ததும் எடு. முதல் டிவிடி, முதல் கதை. ஜான் வெய்ன் பேசி முடிக்கிறவரை நாம் பேசலாம், அப்புறம் பேசக் கூடாது.

உன் வீட்டில் எல்லாருக்கும் என் அன்பு.

உன்,
மணி