பால்வாடிச் சுவரில் யாரை வரைவது?

பிரஸ்ஸல்ஸ், பெல்ஜியம்,
ஜனவரி 2025

அன்புள்ள நைனாவுக்கும் அம்மாவுக்கும்,

இங்கே மூன்று பேரும் நலம். நிலாவுக்கு இருந்த சளி விட்டுவிட்டது. குளிர் அதிகம், சாயங்காலம் ஐந்தரை மணிக்கெல்லாம் நன்றாக இருட்டிவிடுகிறது. பொங்கலுக்குப் பச்சரிசியும் வெல்லமும் ஈழத்தமிழர் ஒருவருடைய கடையில் கிடைத்துவிட்டது. கரும்புகூடச் சொல்லி வைத்திருக்கிறேன். பண்டிகையில் ஒரு குறையும் இருக்காது, அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தங்கச்சி போனில் ஒரு விஷயம் சொன்னாள். தண்டையார்பேட்டையில் ஒரு பால்வாடிக்குச் சுவரில் படம் வரைய உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்களாம். நீங்கள் மிக்கி, டொனால்டு, டாம் அண்ட் ஜெர்ரி என்று சொன்னதும், “அதெல்லாம் பழசு நைனா, இப்ப இருக்கிற புள்ளைங்களுக்கு யாருன்னே தெரியாது, மொபைல்ல வர்ற பொம்மையா போடுங்க” என்று யாரோ சொன்னாராம். அன்றிலிருந்து நீங்கள் சரியாகப் பேசுவதில்லை என்றாள். போனில் சொன்னால் “சரிடா, விடு” என்று முடித்துவிடுவீர்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆபீஸ், வீடு, நிலாவின் பள்ளிக்கூடம், இவ்வளவுதான் இங்கே என் வாழ்க்கை. ஆனால் இந்த மூன்றுக்கும் நடுவில் தினமும் நான் கடந்து போகிற சுவர்களைப் பற்றி உங்களுக்கு எப்போதோ எழுதியிருக்க வேண்டும். இந்த ஊரில் வீடுகளின் பக்கச் சுவர்களில் காமிக்ஸ் படங்களைப் பெரிது பெரிதாக வரைந்திருக்கிறார்கள். 1991-ல் தொடங்கிய வேலை, இன்று ஐம்பதுக்கும் மேல் இருக்கின்றன. நகரத்தின் நடுவில், சின்னப் பையன் ஒன்றுக்கு விடுகிற மாதிரி ஒரு சிலை இருக்கிறதே, அதற்குப் பக்கத்துத் தெருவில் காமிக்ஸ் நாயகன் டின்டினும் அவன் சிநேகிதர் தாடிக்கார கேப்டன் ஹேடக்கும் அந்த வெள்ளை நாய்க்குட்டியும் சுவரோரப் படிக்கட்டில் இறங்கி வருகிறார்கள். இன்னொரு தெருவில் கௌபாய் லக்கி லூக்கும் அவன் துரத்துகிற டால்டன் சகோதரர்களும். எல்லாம் ஆள் ஏறி நின்று கையால் வரைந்தவை, ஃப்ளெக்ஸ் இல்லை. முதல் தடவை பார்த்தபோது என் கண் உங்கள் வேலையைத்தான் தேடியது: கட்டம் போட்டுப் பெரிதாக்கியிருப்பார்களா, அவுட்லைனை எந்த பிரஷ்ஷில் இழுத்திருப்பார்கள் என்று. டின்டினை வரைந்த எர்ஜேயின் பாணி உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரே கனத்தில் ஓடுகிற கறுப்புக் கோடு, உள்ளே ஒரே சீரான வண்ணம், நிழல் கிடையாது. வண்ணாரப்பேட்டைக் கடை போர்டுகளில் நீங்கள் எனாமலில் செய்ததும் அதுதானே.

இந்த நாட்டுக்காரர்களுக்கு இந்தப் பொம்மைகள்மேல் இருக்கிற மதிப்பைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். 2022-ல் புது பாஸ்போர்ட் வந்தது. அதன் பக்கங்களில் டின்டின், ஸ்மர்ஃப், லக்கி லூக் எல்லாம் இருக்கிறார்கள். கூட வேலை செய்கிறவர் ஒருவர் தன்னுடையதைக் காட்டினார். புற ஊதா விளக்கை அடித்தால் சாதாரண வெளிச்சத்தில் தெரியாத படங்களும் தெரியுமாம். விமானம் ஒன்றையே டின்டின் கதையில் வரும் சுறாமீன் நீர்மூழ்கி மாதிரி வண்ணம் அடித்துப் பறக்கவிட்டிருக்கிறார்கள். அரசாங்க முத்திரை குத்துகிற காகிதத்தில் பொம்மையைப் போடுகிற ஒரு நாட்டில், “இது குழந்தைகள் சமாச்சாரம்” என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது.

டின்டின் 1929 ஜனவரியில் ஒரு செய்தித்தாளின் சிறுவர் இணைப்பில் வந்தவன். பிற்பாடு அவன் பெயரிலேயே ஒரு வாரப் பத்திரிகை வந்தது. “7 வயசு முதல் 77 வயசு வரை உள்ள இளைஞர்களுக்கு” என்று அதற்கு விளம்பரம் செய்தார்கள். விளம்பரம்தான் என்றாலும் ஞாயிற்றுக்கிழமை அந்தச் சுவருக்கு முன்னால் நின்று பார்த்தால் அது உண்மை என்று தெரியும். பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு வரும் தாத்தா, “அதோ அந்தத் தாடிக்காரர் எப்பவும் திட்டிக்கிட்டே இருப்பார்” என்கிற மாதிரி ஏதோ சொல்கிறார், குழந்தை சிரிக்கிறது. அவர் பேசுகிற பிரெஞ்சு எனக்கு அரைகுறையாகத்தான் புரியும். ஆனால் தாத்தா முகத்தைப் பார்த்தாலே எந்தப் பக்கத்தைச் சொல்கிறார் என்பது தெரிந்துவிடுகிறது.

சரி, எல்லாமே நன்றாக இருக்கிறது என்று உங்களுக்குச் சமாதானம் சொல்வதற்காக எழுதவில்லை. உண்மையையும் சொல்கிறேன். இங்கே புத்தகக் கடைகளில் குழந்தைகள் உட்கார்ந்து படிக்கிற மூலை ஜப்பான் காமிக்ஸ் மூலை. டின்டின் அலமாரி முன்னால் நிற்கிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் என்னைவிட மூத்தவர்கள். எர்ஜே 1983-ல் இறந்துபோனார். தனக்குப் பிறகு வேறு யாரும் டின்டின் கதை எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனதால் புதுக் கதையே கிடையாது. நிலாவின் வகுப்புப் பிள்ளைகளில் டின்டினைத் தெரிந்தவர்கள் எல்லோரும் தாத்தா பாட்டி வீட்டு அலமாரியிலிருந்து தெரிந்துகொண்டவர்கள். ஸ்மர்ஃப் அப்படி இல்லை. 1958-ல் வந்த நீலப் பொம்மைகள் அவை. அவற்றை உருவாக்கிய பெயோ 1992-ல் இறந்த பிறகும் புதுக் கதை, புதுப் படம் வந்துகொண்டே இருக்கிறது. எல்லாக் குழந்தைக்கும் தெரியும்.

நம் பக்கத்திலேயே பாருங்கள். மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் எனக்கு வாங்கிக் கொடுத்தீர்களே, இரும்புக்கை மாயாவி. முத்து காமிக்ஸ் 1972-ல் முதல் இதழாகப் போட்ட கதை. நீங்களும் நானும் அந்தப் பெயரைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவோம். அக்கா பையனுக்கு யார் என்றே தெரியாது. மாயாவியிடம் என்ன குறை? ஒன்றும் இல்லை. அவன் கையில் யாரும் அந்தப் புத்தகத்தைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அதே பையன் டோரேமான் போட்டால் சாப்பாட்டை மறந்துவிடுகிறான். அதைப் “புதுசு” என்றுதானே நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்? டோரேமான் ஜப்பான் பத்திரிகையில் முதலில் வந்தது 1969-ல். ராயபுரத்தில் ஒரு பையன் இன்று ரசிக்கிறது உங்கள் தலைமுறைக் காலத்துப் பொம்மையை. இதுதான் நைனா நான் சொல்ல வருவது. குழந்தைக்குப் பொம்மையின் வயசு தெரியாது. முதல் தடவை பார்க்கிற அன்றைக்கு அது புதுசு. பழசு என்று ஒதுக்குகிறவர்கள் பெரியவர்கள்தான்.

நிலாவின் சிநேகிதி வீட்டில் பிறந்தநாளுக்குப் போயிருந்தோம். மொராக்கோ, போலந்து, காங்கோ, நாம், இந்த ஊர்க்காரர்கள் என்று பல வீட்டுக் குழந்தைகள். ஒருவருக்கொருவர் பேச வருகிற மொழி சரியாகச் சேரவில்லை, சண்டை வர ஆரம்பித்தது. அந்த வீட்டம்மா டாம் அண்ட் ஜெர்ரி போட்டுவிட்டார். அப்புறம் ஒரு சத்தம் இல்லை, சிரிப்பைத் தவிர. பியர் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்த அப்பாக்கள்கூட ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். நானும்தான். பூனை கதவு இடுக்கில் நசுங்கித் தகடாகி வந்ததும் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

டாம் அண்ட் ஜெர்ரியை எடுக்க ஆரம்பித்தது 1940-ல். வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா என்று இரண்டு பேர். அந்த வரிசைக்கு மட்டும் ஏழு ஆஸ்கர். அதில் அவை இரண்டும் பேசுவதே அபூர்வம். பூனை ஓரடி பின்வாங்கும், கொஞ்சம் நிற்கும், அப்புறம்தான் பாயும். அந்தக் கொஞ்ச நேரம் நிற்கிறதில்தான் எல்லாம் இருக்கிறது. அடி விழப்போகிறது என்று நமக்கு முன்னாலேயே தெரியும், ஆனாலும் சிரிப்போம். இசையும் காலடிக்குக் காலடி கூடவே ஓடும். பாஷை வேண்டாம், படிப்பு வேண்டாம், அந்த ஊர்ப் பழக்கம் தெரிய வேண்டாம். சின்னது பெரிசை ஏமாற்றுகிறது என்பது மூன்று வயசுக்கும் புரியும். வீட்டுக்குள்ளேயே ஒண்டிக்கிட்டு ஒருத்தரை ஒருத்தர் விட்டுப் பிரியவும் முடியாமல் இருப்பது அறுபது வயசுக்கும் புரியும்.

எல்லாப் பழசையும் அப்படியே கொடுத்துவிடலாம் என்றும் சொல்லமாட்டேன். டின்டின் காங்கோவுக்குப் போகிற கதை ஒன்று இருக்கிறது, 1931-ல் புத்தகமாக வந்தது. காங்கோ அப்போது பெல்ஜியத்தின் காலனி. அதில் ஆப்பிரிக்க மக்களை வரைந்திருக்கிற விதம் கண்கொண்டு பார்க்க முடியாது. எர்ஜே 1946-ல் வண்ணத்தில் மறுபடி வரைந்தபோது கொஞ்சம் மாற்றினார், ஆனாலும் அந்த முகங்கள் அப்படியேதான் இருக்கின்றன. காங்கோவைச் சேர்ந்த ஒருவர் 2007-ல் வழக்குப் போட்டார், 2012-ல் தள்ளுபடி ஆனது. நீதிமன்றம் என்ன சொன்னாலும், நிலாவின் சிநேகிதி பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைப் பிரிக்க எனக்கு மனசு வராது. நிலா வளர்ந்த பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து ஏன் இப்படி வரைந்தார்கள் என்று சொல்லிக் காட்டுவேன். திருந்திய பழசும் இருக்கிறது. லக்கி லூக் வாயில் எப்போதும் சிகரெட் இருக்குமே, 1983-ல் அவனை வரைந்த மோரிஸ் அதை எடுத்துவிட்டு ஒரு புல் தண்டை வைத்தார். அதற்காக உலக சுகாதார நிறுவனம் 1988-ல் அவருக்கு மரியாதை செய்தது. கதாநாயகனின் வேகமும் குறையவில்லை, அழகும் குறையவில்லை.

இப்போது உங்கள் சுவருக்கு வருகிறேன். அந்த ஆள் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு: பிள்ளைகளுக்குப் பிடித்ததும் சுவரில் இருக்க வேண்டும். சோட்டா பீமைப் போடுங்கள், டோரேமானைப் போடுங்கள். ஆனால் டாமையும் ஜெர்ரியையும் எடுக்காதீர்கள். பால்வாடிச் சுவரைப் பார்ப்பது பிள்ளைகள் மட்டும் இல்லையே. காலையில் கொண்டுவந்து விடுகிற ஆயா பார்ப்பாள், மத்தியானம் கூட்டிப்போக வருகிற அப்பன் பார்ப்பான். மொபைலில் போன மாசம் வந்த பொம்மையை அந்த ஆயாவுக்குத் தெரியாது. ஜெர்ரியைத் தெரியும். “இது உங்கப்பன் சின்னப்ப பாத்தது” என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பிள்ளைக்கு அது சொந்தமாகிவிடும். இந்த ஊரில் தாத்தாக்கள் செய்வது அதைத்தான்.

மிக்கியும் இருக்கட்டும். 1928-லிருந்து நிற்கிறான், மூன்று வட்டம் போட்டால் எந்த ஊரில் இருக்கிற பிள்ளையும் பெயர் சொல்லும். தூரத்திலிருந்து கறுப்பு நிழலாகத் தெரிந்தாலும் அடையாளம் தெரிகிற உருவம் அது. நீங்கள் எனக்கு முதலில் வரையக் கற்றுக்கொடுத்ததும் அவன் காதுதான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எப்போதும் நீங்கள் படத்தை உயரத்தில், ரோட்டிலிருந்து தெரிகிற மாதிரி போடுவீர்கள். இந்தத் தடவை ஒரு படத்தையாவது கீழே போடுங்கள், நாலு வயசுப் பிள்ளையின் கண்ணுக்கு நேராக. தொட்டுத் தொட்டுக் கறுத்துப்போகும் என்று மேஸ்திரி சொல்வார். போனால் போகட்டும், அடுத்த வருஷம் டச்சப் பண்ணிக்கொள்ளலாம். சாரத்தில் ஏறுகிற வேலையைக் கூட வருகிற பையனிடம் விடுங்கள்.

இங்கே ஒரு பழைய சாமான் சந்தை தினமும் கூடுகிறது, டின்டின் ஒரு கதையில் கப்பல் பொம்மை வாங்குவானே, அதே சந்தை. அங்கே கிடைத்த பழைய ஆல்பம் ஒன்றைப் பார்சல் அனுப்பியிருக்கிறேன். பிரெஞ்சில் இருக்கிறது, படத்தை மட்டும் பாருங்கள், கோட்டைப் பாருங்கள். அதன் நடுவில் நிலா வரைந்த ஜெர்ரி ஒன்று இருக்கும். வாலை எங்கே முடிப்பது என்று தெரியாமல் பக்கம் முழுக்க ஓட்டியிருக்கிறாள், தாத்தாதான் சொல்லித் தர வேண்டும் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வரைந்து காட்டுங்கள், உங்கள் நேரத்துக்குச் சாயங்காலம் ஆறு மணி.

கண் ஆஸ்பத்திரிக்குத் தங்கச்சியோடு போய்ட்டு வாங்க, தள்ளிப்போடாதீர்கள். பணம் இந்த மாசம் இரண்டு நாள் முன்னதாகவே அனுப்பியிருக்கிறேன். பெயிண்ட் நல்லதாக வாங்குங்கள்.

உங்கள் அன்பு மகன்