சனிக்கிழமைகளில் நம் ரோபோட்டிக்ஸ் பிள்ளைகள் எங்கே போகிறார்கள்?

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம்.

நம் ரோபோட்டிக்ஸ் குழுப் பிள்ளைகள், தேயிலை நிறுத்து வாங்கும் இலை ஷெட்டுகளுக்குப் போய் எடை மெஷின்களைச் சோதிக்கிறார்கள் என்று கோத்தகிரிப் பக்கம் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. சிலர் பள்ளிக்கே வந்து கேட்டீர்கள். சிலர் பஸ் ஸ்டாண்டில் நிறுத்திக் கேட்டீர்கள். இலை பறிக்கிறவர்கள், விற்கிறவர்கள், வாங்குகிறவர்கள் எல்லோரும் நம் பெற்றோரில் இருக்கிறீர்கள் என்பதால் எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் எவருடைய தராசையும் சோதிக்கவில்லை. சோதிக்க நான் விடவும் மாட்டேன். எடை மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள், அவ்வளவுதான். அது எப்படி ஆரம்பித்தது என்று தெரிந்தால் உங்கள் கவலை தீரும் என்று நம்புகிறேன்.

குழு தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு முதலில் போனது ரோபோவைக் காட்டத்தான். தரையில் ஒட்டிய கறுப்பு டேப்பைப் பிடித்துக்கொண்டு தானாகவே ஓடும் சின்ன வண்டி அது. அடியில் இரண்டு அகச்சிவப்பு சென்சார்கள் இருக்கின்றன. வெள்ளைத் தரை ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுப்பு டேப் விழுங்கிவிடும். அந்த வித்தியாசத்தை வைத்து வண்டி வளையும். சிறுவர்கள் அதன் பின்னாலேயே ஓடினார்கள். இலை பறித்துவிட்டு வந்த பெண்கள் கொஞ்ச நேரம் மரியாதைக்குப் பார்த்தார்கள். பிறகு ஒரு பாட்டி கேட்டார்: "இதெல்லாம் சரி கண்ணு, இலை ஷெட்டுல ஒரு பொட்டி வச்சிருக்காங்களே, நம்பர் ஓடுதே, அது எதப் பாத்து ஓடுது?"

குழுவில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. கூடப் போயிருந்த அறிவியல் ஆசிரியருக்கும் அந்த இடத்தில் எளிமையாகச் சொல்ல வரவில்லை. எனக்கு இதில் மகிழ்ச்சிதான். ஆண்டு முழுவதும் நாமே கேள்வி தயாரித்து நாமே பதிலும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வாழ்க்கை முழுவதும் அந்தப் பெட்டியின் முன்னால் நின்ற ஒருவரின் கேள்வி பள்ளிக்குள் வந்தது இப்போதுதான்.

பிள்ளைகள் ஒரு பழைய சமையலறைத் தராசைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே ஒரு அலுமினியக் கட்டை. லோடு செல் என்பது அதன் பெயர். மேலே பாரம் வைத்தால் அது வளையும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவுதான். அதில் ஒட்டியிருக்கும் மெல்லிய உலோகத் தகடும் சேர்ந்து இழுபடுவதால் அதன் மின்தடை மாறுகிறது. அந்த மாற்றம் வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்குதான் வரும். எச்எக்ஸ்711 என்ற சில்லு அதைப் பெருக்கி எண்ணாக்குகிறது. அந்த எண்ணைக் கிலோவாக மாற்ற, எடை தெரிந்த பொருள் ஒன்று வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிலோ என்பதால் வேதியியல் லேபின் அளவு ஜாடியே போதுமானதாக இருந்தது. குறைந்த விலையில் கிடைக்கும் பாகங்களும் பள்ளியில் இருந்த அர்டுயினோ என்ற சிறு கணினிப் போர்டும் சேர்ந்து ஒரு தராசு ஆனது.

அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் அதே லைன் வீடுகளுக்குப் போனார்கள். வெறும் சாக்கை வைத்து பூஜ்யம் ஆக்கி, பிறகு இலையோடு வைத்துக் காட்டினார்கள். பூஜ்யம் ஆக்காமல் வைத்தால் சாக்கும் கணக்கில் சேர்வதைக் காட்டினார்கள். தட்டின் ஒரு காலுக்கு அடியில் சிறு கல்லை வைத்தபோது எண் மாறியது. சாக்கின் ஓரம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் எடை குறைந்து காட்டியது. ஈர இலையை ஒருமுறை, அதையே உதறிவிட்டு ஒருமுறை நிறுத்தபோது வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்தது. அது தண்ணீரின் எடை, மெஷினின் பொய் இல்லை. அந்தத் தண்ணீருக்கு எவ்வளவு கழிப்பது என்பது பெரியவர்கள் பேசித் தீர்க்க வேண்டிய கணக்கு. பிள்ளைகள் அதில் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன், திறக்கவும் இல்லை.

வியாபாரத்துக்குப் பயன்படும் எடைக்கருவிக்கு அரசு முத்திரை வேண்டும், மின்னணுத் தராசு என்றால் அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-இன்படி இருக்கும் ஏற்பாடு இது. முத்திரை எங்கே இருக்கும் என்று பார்க்கத் தெரிந்துகொள்வது யாரையும் சந்தேகப்படுவது ஆகாது. நம் பிள்ளைகள் செய்த தராசுக்கு அந்த முத்திரை கிடையாது. ஆகவே ஒரு கிலோ பீன்ஸ்கூட அதில் நிறுத்து விற்கவோ வாங்கவோ கூடாது. "கற்பதற்கு மட்டும்" என்று அதன்மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம்.

இதெல்லாம் போட்டி மதிப்பெண்ணுக்காகத்தானே என்று ஒரு தந்தை கேட்டார். ஓரளவு ஆமாம். ஃபர்ஸ்ட் லெகோ லீக் என்ற மாணவர் ரோபோ போட்டியில் ஒரு குழுவில் பத்துப் பேர் வரை இருக்கலாம். ரிமோட் இல்லாமல் ரோபோ தானே ஓடும் ஆட்டம் இரண்டரை நிமிடம். பலரும் அதுதான் போட்டி என்று நினைக்கிறார்கள். அது நான்கில் ஒரு பங்குதான். ரோபோவை வடிவமைத்த விதம், குழுவாக நடந்துகொண்ட விதம், ஒரு பிரச்சினைக்குத் தீர்வு கண்டு அதைப் பிறரோடு பகிர்ந்த விதம் ஆகிய மூன்றுக்கும் அதே அளவு மதிப்பெண் உண்டு. ஆனால் அந்த எடைத் தராசு போட்டிக்கான தலைப்பிலேயே இல்லை. அதற்கு அரை மதிப்பெண்கூடக் கிடைக்காது என்று தெரிந்துதான் செய்தார்கள்.

மற்ற சனிக்கிழமைகளில் பக்கத்துத் தொடக்கப்பள்ளிகளுக்குப் போகிறார்கள். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷின் தலையில் செல்போனின் அதிர்வு மோட்டாரையும் பட்டன் செல்லையும் ஒட்டினால் அது மேசைமேல் வண்டுபோல ஓடும். ஊசி இல்லாத இரண்டு சிரிஞ்சு, ஒரு டியூப், கொஞ்சம் அட்டை இருந்தால் தண்ணீர் அழுத்தத்தில் தூக்கும் கை செய்யலாம். விலை உயர்ந்த கிட் எதையும் நாங்கள் கொண்டுபோவதில்லை. அதைக் கொடுத்தால் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். நாங்கள் கிளம்பிய பிறகு அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே இன்னொன்று செய்ய முடிய வேண்டும், அதுதான் நாங்கள் வைத்துக்கொண்ட விதி. என் வகுப்பில் கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஹட்டி எனப்படும் படுகர் ஊர் ஒன்றின் பள்ளியில் படுக மொழியில் சிரிஞ்சு கையை விளக்குவதைப் பார்த்தேன். நடுவில் நான் ஏதோ சொல்லப் போக, "சார், நான் சொல்லிட்டிருக்கேன்" என்றாள்.

பள்ளி மொட்டைமாடியில் மழைமானி ஒன்றும் வைத்திருக்கிறோம். புனலில் விழும் மழைநீர் ஒரு சின்னத் தொட்டிலை நிரப்ப, அது கவிழ்ந்து காலியாகும். ஒவ்வொரு கவிழ்ப்புக்கும் ஒரு காந்தம் சுவிட்சின் அருகே கடந்து செல்ல, எண்ணிக்கை ஏறும். புனலின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்பதால் 10 மில்லி தண்ணீர் என்றால் அரை மில்லிமீட்டர் மழை. நம் பக்கத்துக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான். 2009 நவம்பர் நிலச்சரிவை உங்களில் பலர் பார்த்தவர்கள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த மானி யாரையும் எச்சரிக்காது, அதை நம்பி எவரும் முடிவெடுக்கவும் வேண்டாம். எச்சரிக்கை மாவட்ட நிர்வாகத்திடமிருந்துதான் வரும். தன் ஊரில் நேற்று எவ்வளவு மழை பெய்தது என்று எண்ணோடு சொல்லத் தெரிந்த பிள்ளைகள் நமக்கு வேண்டும் என்பதற்காகத்தான் இது. இப்போதைக்கு எங்கள் பெரிய எதிரி மேகமூட்டம். நாலு நாள் மிஸ்ட் இறங்கினால் மானிக்கு மின்சாரம் தரும் சோலார் பேனல் சார்ஜ் ஏற்றுவதில்லை.

சனிக்கிழமை டியூஷன் இருப்பவர்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன். பெண் பிள்ளைகளை மட்டும் வேண்டாம் என்று நிறுத்தியிருக்கும் வீடுகளில் ஒரு வேண்டுகோள்: ஒரு சனிக்கிழமை நீங்களே கூட வாருங்கள், பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆசிரியை ஒருவர் எப்போதும் உடன் இருக்கிறார். கரடியும் காட்டு மாடும் நடமாடும் பாதைகள் என்பதால் மாலை நான்கு மணிக்குள் அனைவரும் பள்ளிக்குத் திரும்பிவிடுகிறோம். மழை, மிஸ்ட் அதிகம் என்றால் கிளம்புவதே இல்லை.

இணைத்துள்ள அனுமதிச் சீட்டில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். ஸ்வெட்டர், குடை, ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர் போதும்; பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். வீட்டில் ஓடாத பிரின்டர், சிடி டிரைவ், பொம்மை கார் இருந்தால் தாருங்கள், அவற்றின் மோட்டார்கள் எங்களுக்குப் பயன்படும். இலை வியாபாரம் செய்யும் பெற்றோரில் எவருக்காவது இன்னும் சங்கடம் இருந்தால் மாலை வேளையில் என் அறைக்கு வாருங்கள். தராசை மேசைமேலேயே வைத்திருக்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்

பி.கு.: வீங்கிய செல்போன் பேட்டரிகளைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். குத்துப்பட்டாலோ நசுங்கினாலோ தீப்பிடிக்கும்.