ஃபைல் போகும் வழியே மாணவர்களும் போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனை நிர்வாகம் படித்துவிட்டு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு, வார்டில் ஒரு சிக்கல் என்றால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று உங்கள் இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. இருபத்தேழு வருடம் தனியார் மருத்துவமனைகளில் நிர்வாக வேலை பார்த்து, கடைசி ஆறு வருடம் எம்.ஹெச்.ஏ. (மருத்துவமனை நிர்வாக முதுகலை) மாணவர்களுக்குப் பகுதிநேரமாகப் பாடமும் எடுத்தவன் நான். என்னைக் கேட்டால், சொல்லிக்கொடுத்த எங்கள் மீதுதான் பெரும்பாலான குறை.

முதல் இரண்டு வருடம் நானும் நோட்ஸ்தான் கொடுத்தேன். அமெரிக்க நிர்வாகவியல் அறிஞர் லூதர் குலிக் 1937-இல் எழுதிய 'போஸ்ட்கார்ப்', அதாவது திட்டமிடலில் தொடங்கி பட்ஜெட் வரை நிர்வாகியின் ஏழு வேலைகள். எல்லோரும் அப்படியே ஒப்பித்து மார்க் வாங்கினார்கள். மூன்றாம் வருடம் பாடம் நடத்துவதற்குப் பதிலாக ஒரு தாளை நீட்டினேன். "காலை 9 மணிக்கு ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், 'பாட்டி, நீங்க வீட்டுக்குப் போகலாம்' என்கிறார். பாட்டி ஆட்டோ ஏறும்போது மணி 3. ஏன்?" அதில் இருந்தது அவ்வளவுதான்.

குழுவுக்கு எட்டுப் பேர். பத்தே நிமிடத்தில் பதில் வந்துவிட்டது: பில்லிங்கில் ஆள் போதவில்லை, இன்னும் இரண்டு பேரைப் போட வேண்டும். "சரி, அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

ஒரு மருத்துவமனையில் அனுமதி வாங்கி, ஆளுக்கு ஒரு டிஸ்சார்ஜ் ஃபைலின் பின்னாலேயே போகச் சொன்னேன். ஒரு மாணவி பின்தொடர்ந்தது நிஜமாகவே ஒரு பாட்டியின் ஃபைல். கையில் ஊசி எடுத்த இடத்தில் பஞ்சு ஒட்டியிருக்க, மடியில் ஒயர் கூடையை வைத்துக்கொண்டு, "பில் வந்துடுச்சாம்மா?" என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாராம். ஃபைல் நர்சுகள் மேஜையை விட்டே நகரவில்லை. மீந்த மாத்திரையும் பிரிக்காத சலைன் பாட்டிலும் பார்மசிக்குத் திரும்பிப் போய்க் கணக்கில் ஏறினால்தான் பில் போட முடியும். வார்டு ஊழியரோ, நாலு பேருடையது சேரட்டும், ஒரே நடையாகக் கொண்டுபோகலாம் என்று வைத்திருந்தார். அவரையும் சொல்லிக் குற்றமில்லை. மூன்று மாடிக்கும் சேர்த்து ஒரே லிஃப்ட். அப்புறம், டிஸ்சார்ஜ் சம்மரி, அதாவது சிகிச்சைச் சுருக்கம், எழுத வேண்டிய டியூட்டி டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். ஃபைல் பில்லிங்கில் இருந்தது இருபது நிமிடம்தான்.

மறு வகுப்பில் அவர்களே கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். ஒருவர் கரும்பலகையில் கணக்குப் போட்டார்: தினம் 20 பேர் டிஸ்சார்ஜ், ஆளுக்கு 6 மணி நேரம் காத்திருப்பு என்றால் 120 மணி நேரம். அதாவது, முழு நாளும் 5 படுக்கை முடங்கிக் கிடக்கிறது. அதே நேரத்தில் கீழே அவசரப் பிரிவில் ஸ்ட்ரெச்சரில் ஒருவர் படுக்கைக்காகக் காத்திருப்பார். இதைப் பார்த்த பிறகு அவர்களுக்கு வரிசைக் கோட்பாட்டை, அதாவது காத்திருப்பு எங்கே, ஏன் சேர்கிறது என்று கணக்கிடும் பாடத்தை, நான் வலிந்து திணிக்க வேண்டியிருக்கவில்லை. இன்சூரன்ஸ் நோயாளிகள் பக்கம் போன பெண், டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்த 3 மணி நேரத்துக்குள் கம்பெனி இறுதி அனுமதி தர வேண்டும் என்ற காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 சுற்றறிக்கையைத் தானே தேடிப் படித்துவிட்டு வந்தார்.

முதலில் பிரச்சினையைக் கொடுத்து, அதன் வழியே பாடத்தைத் தேடவிடும் இந்தப் 'பிரச்சினைவழிக் கற்றல்' நான் கண்டுபிடித்த முறை கிடையாது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969-இல் மருத்துவ மாணவர்களுக்கு இப்படித் தொடங்கியது. பிறகு நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகம் அதை ஏழு படிகளாக வகுத்துக்கொண்டது: புரியாத சொல்லைத் தெளிவாக்குவதில் தொடங்கி, எது தெரியவில்லை என்று பட்டியல் போட்டு, தனித்தனியாகப் படித்துவிட்டு, மறுபடி கூடிப் பேசுவது வரை. மருத்துவமனை நிர்வாகத்துக்கு இது இன்னும் நன்றாகவே பொருந்தும் என்பது என் அனுபவம். நோயாளியின் உடலில் இருக்கும் கோளாறுக்காவது பாடப்புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கும். வார்டில் நடக்கும் தாமதத்துக்குப் பெயரே கிடையாது, போய்ப் பார்த்தால்தான் உண்டு.

இதில் கஷ்டமும் உண்டு. விடை தெரிந்த ஆசிரியர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது லேசான காரியம் இல்லை. எனக்கே அது பழக ஒரு வருடம் ஆனது. 60 பேருக்கு ஒரே ஆசிரியர் என்றால் நடக்காது, ஏழெட்டுக் குழுவுக்கு ஆள் வேண்டும். அடிப்படைப் பாடம் விட்டுப்போகும் என்று சக ஆசிரியர்கள் பயந்தார்கள். அந்தப் பயமும் நியாயமானதுதான். அதனால் ஒவ்வொரு பிரச்சினையையும் எந்தப் பாடம் உள்ளே வரவேண்டும் என்று யோசித்தே எழுத வேண்டும். எல்லாவற்றையும் விடப் பெரிய தடை தேர்வு. வருடம் முழுக்க ஃபைலின் பின்னால் நடந்த பிள்ளைகளிடம் கடைசியில் "போஸ்ட்கார்ப் - விளக்குக" என்று கேட்டால், அடுத்த வருடத்து மாணவர்கள் நேராக நோட்ஸுக்குத்தான் போவார்கள்.

எல்லாப் பாடத்தையும் மாற்றச் சொல்லவில்லை. மருத்துவமனை இயக்கம் என்ற ஒரு பாடத்தில் மட்டும் வரும் கல்வியாண்டில் தொடங்கலாம். தேர்விலும் பாதி மதிப்பெண்ணை, ஒரு பக்கப் பிரச்சினையைக் கொடுத்து எழுதச் சொல்லும் கேள்விக்கு ஒதுக்கலாம். குழுவோடு உட்கார ஆள் இல்லை என்பதுதான் தடை என்றால், என்னைப் போல் ஓய்வுபெற்ற நிர்வாகிகளும் நர்சிங் கண்காணிப்பாளர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வாரம் இரண்டு நாள் வர நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவமனை நிர்வாகி,
திருச்சி